வில்லங்கச் சான்றில் ஏறாத வில்லங்கங்கள்

மதீனத்துக் கடைவீதியில் ஒருவர் தானியத்தைக் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார். மேலே பார்வைக்கு நன்கு காய்ந்த தானியம். அவ்வழியே சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குவியலுக்குள் தம் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கண்டித்த பெருமானார் (ஸல்) அவர்கள், ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்னும் கருத்தையும் அங்கேயே அறிவித்தார்கள். முஸ்லிம் நபிமொழித் தொகுப்பில் இடம்பெற்றுள்ள செய்தி இது.

இந்நிகழ்ச்சியை விற்பவருக்குரிய எச்சரிக்கையாகவே நாம் மேடைகளில் எடுத்துச் சொல்லி வருகிறோம். வாங்குபவருக்கும் இதில் பாடம் உண்டு. மேற்பரப்பைக் கண்டு நிறைவடையாமல் உள்ளே கைவிட்டுப் பார்த்தார்கள் அல்லவா? ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் நூற்றுக்கு 17 என்ற வரம்பைத் தாண்டினால், அரசு தளர்வு தரும் பருவங்கள் நீங்கலாக, மூட்டை திரும்பி வரும். ஒரு மூட்டை நெல்லுக்கு இத்தனை சோதனை! ஆனால் அந்த நெல் விளையும் நிலத்தை வாங்கும்போது? வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருபதாண்டுக் காலம் குடும்பத்தைப் பிரிந்து பாடுபட்ட பணம், "நம்ம ஜமாஅத்து ஆளுதான், பயமில்லே" என்னும் ஒற்றைச் சொல்லை நம்பி ஒரே மாலைப் பொழுதில் கைமாறி விடுகிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால் பலர் திகைப்பர். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அது, கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. அதற்கடுத்த வசனம் அடைமானத்தைப் பற்றியது.

நாட்டு வழக்கில் வில்லங்கம் என்றால் வம்பு. சட்டத்தில் அதன் பொருள், ஒருவருடைய சொத்தின்மீது இன்னொருவருக்குள்ள உரிமை அல்லது பொறுப்பு. அடைமானம், ஒத்தி, முன்பே செய்துகொண்ட கிரய ஒப்பந்தம், நீதிமன்ற ஜப்தி எல்லாம் இதில் அடங்கும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தின் முதலாம் புத்தகத்தில் ஏறுகின்றன. கட்டணம் செலுத்தி அதன் அட்டவணையைப் பார்க்க எவருக்கும் உரிமை உண்டு என்கிறது அச்சட்டத்தின் 57ஆம் பிரிவு. அவ்வாறு தேடித் தருவதே வில்லங்கச் சான்று. பதிவுகள் இருந்தால் 15ஆம் எண் படிவத்திலும், எதுவும் இல்லையென்றால் 16ஆம் எண் படிவத்திலும் தருவர். தமிழ்நாட்டில் 1975 முதலுள்ள பதிவுகளைப் பெரும்பாலும் பதிவுத்துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முந்தியவற்றுக்கு அலுவலகத்தில் மனுச் செய்து பழைய புத்தகங்களைத் தேடச் செய்ய வேண்டும்.

"நான் பார்க்கவில்லை, எனக்குத் தெரியாது" என்று பின்னர் சொல்ல இயலாது. பதிவான பத்திரம் ஒன்றிருந்தால், வாங்குபவர் அதைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அறிந்தவராகவே கருதப்படுவார் என்பது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் கண்ட விதி. விசாரிக்க வேண்டியதை வேண்டுமென்றே விசாரியாமல் விட்டவரையும் அவ்விதி விட்டுவைப்பதில்லை.

எனவே சான்று வாங்குவது கட்டாயம். அதை எப்படி வாங்குகிறோம் என்பதில்தான் முதற்பிழை நேர்கிறது. கேட்ட புல எண்ணுக்கு மட்டுமே, கேட்ட காலத்துக்கு மட்டுமே அது பதில் சொல்லும். 1979 தொடங்கி 1987 வரை தமிழ்நாட்டில் நடைபெற்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகள் பல மாறின. பட்டாவில் பெயர்கள் சில இடம் மாறி ஏறியதும் உண்டு. பழைய பத்திரத்தில் ஓர் எண்ணும் இன்றைய பட்டாவில் வேறோர் எண்ணும் இருக்கக் கண்டால், இரண்டுக்கும் சேர்த்தே தேட வேண்டும். கல்லணைக் கால்வாயின் தண்ணீரால் 1934க்குப் பின் நஞ்சையாக மாறிய பகுதி இது. பழைய ஆவணம் புஞ்சை என்று கூறுமானால் வியக்க வேண்டாம். ஆனால் நான்கெல்லையையும் புலப்படத்தையும் வைத்து, இரண்டும் ஒரே நிலந்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை 13 ஆண்டுக்குச் சான்று எடுத்துத் திருப்தியடைவோர் இன்றும் உள்ளனர். அடைமானத்தை மீட்கும் வழக்குக்கு 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் 30 ஆண்டு தருகிறது. அதனால் 30 ஆண்டுக்குக் குறைந்த தேடல் தேடலே அன்று. அனுபவ பாத்தியத்தோடு கூடிய ஒத்தியாயின் அந்த 30 ஆண்டும் போதாது. ஒத்தி எழுதிய நாளிலிருந்தே அதன் மீட்புக் காலம் ஓடத் தொடங்குவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்துள்ளது. பாட்டனார் காலத்தில் ஒத்திக்குப் பிடித்த நிலத்தைப் பேரன் தன் சொந்த நிலமென்றே எண்ணி விற்க வரலாம். ஒத்தி வைத்தவரின் பேரனும் ஒரு நாள் வரலாம். (ஒத்தி நிலத்தின் விளைச்சலைக் கடன் கொடுத்தவர் உண்பது மார்க்கத்தில் கூடுமா என்பது தனிக் கேள்வி. அதை இங்கே கலக்கவில்லை.)

இன்னொரு நுட்பமும் உண்டு. எழுதிக் கையொப்பமிட்ட பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுவர நான்கு மாத அவகாசம் இருக்கிறது. பதிவானபின் அது எழுதிய தேதியிலிருந்தே செல்லும் என்கிறது 47ஆம் பிரிவு. இன்று எடுத்த சான்று தூய்மையாக இருக்க, சென்ற மாதம் எழுதிய பத்திரம் அடுத்த வாரம் பதிவுக்கு வரக்கூடும். முன்பணம் கொடுக்கும் முன் ஒரு முறை, பத்திரம் எழுதும் நாளன்று ஒரு முறை, நம் பெயர் ஏறியபின் ஒரு முறை எனச் சான்றைப் பார்ப்பதில் குற்றமில்லை.

பதிவுக்கே வராத கடன்களும் உள்ளன. மூலப் பத்திரத்தை வங்கியிலோ தனியாரிடமோ ஒப்படைத்துக் கடன் பெறுவது சட்டம் ஏற்ற அடைமானமே. அதற்கான குறிப்பாணை பதிவாகியிருந்தால் சான்றில் தெரியும், இல்லையேல் தெரியாது. விற்பவர் நகலை மட்டும் காட்டி, "அசலு பெட்டியிலே இருக்கு" என்பாராயின் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பெறும் அடைமானங்களுக்கென 2011 முதல் செர்சாய் என்னும் மத்தியப் பதிவகம் இயங்குகிறது. சிறு கட்டணத்தில் எவரும் அங்கே தேடலாம். காவிரிப் பாசனப் பகுதியில் இவற்றோடு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும், நம் பெரியவர்கள் நிலவள வங்கி என்று அழைத்த கூட்டுறவு வங்கியிலும் பாக்கியில்லை என்று எழுதி வாங்குவது நல்லது. உயில், பதிவாகியிருந்தாலும், மூன்றாம் புத்தகத்தில் கிடக்கும். அது வில்லங்கச் சான்றில் வராது. கிரய ஒப்பந்தமும் அதிகார ஆவணமும் தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் கட்டாயப் பதிவுக்குள் வந்தன. நிலத்தின்மீது வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்கியவரை அவ்வழக்கின் தீர்ப்பு கட்டுப்படுத்தும். ஆதலால் விற்பவரின் பெயரை நீதிமன்றங்களின் இணையதளத்திலும் தேடிப் பார்ப்பது இன்று எளிது.

அலுவலகங்களை விட்டு வயலுக்கு வருவோம். தஞ்சைத் தரணியில் நிலத்துக்கு உடையவர் ஒருவராகவும் உழுபவர் ஒருவராகவும் இருப்பது பழைய வழக்கம். 1952இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1969இல் குத்தகை உரிமைகளைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டமும் வந்தது அதனால்தான். சாகுபடி செய்பவரின் உரிமை வில்லங்கச் சான்றில் ஏறுவதில்லை, ஆனால் நிலத்தோடு சேர்ந்தே நம்மிடம் வருகிறது. வட்டாட்சியர் அலுவலகத்திலுள்ள குத்தகைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நடவுக் காலத்தில் வரப்பில் போய் நின்று, நாற்று யாருடையது, தண்ணீர் கட்டுபவர் யார் என்று விசாரிக்க வேண்டும். குத்தகைதாரரை வெளியேற்றித் தருவதாக விற்பவர் சொல்லும் வாக்கை நம்பி ஓர் ஏழையின் வயிற்றில் அடிக்கும் பாவத்தில் நாமும் பங்குதாரராகிவிடக் கூடாது.

அறக்கட்டளை நிலங்களைப் பற்றியும் ஒரு சொல். இரண்டாம் சரபோஜி மன்னர் முக்தாம்பாளின் நினைவாக எழுப்பிய சத்திரத்தை ஒரத்தநாட்டார் நன்கறிவர். சத்திரம், கோயில், பள்ளிவாசல், தர்கா என அறத்துக்கு விடப்பட்ட நிலங்கள் இந்நாட்டில் ஏராளம். அரசு, சமய நிறுவனம், வக்பு ஆகியவற்றின் நிலத்தை உரிய அனுமதியின்றி மாற்றும் பத்திரத்தைப் பதியலாகாது என்று தமிழ்நாட்டில் 22-ஏ பிரிவு தடுக்கிறது. 2022 செப்டம்பரில் திருச்சி மாவட்டத்துத் திருச்செந்துறையில், நிலத்தை விற்கச் சென்றவரிடம் வக்பு வாரியத்தின் தடையின்மைச் சான்று கேட்கப்பட்ட செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. பதிவேடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோது எளிய மக்கள் எவ்வளவு கலங்கிப் போகின்றனர் என்பதை அது காட்டிற்று. அதே வேளையில், முதவல்லி ஒருவர் எழுதிக் கொடுத்தார் என்பதற்காக வக்பு நிலத்தை வாங்கிக் குடியிருப்பவர் நம்மவரிலும் உண்டு. அல்லாஹ்வுக்கென ஒதுக்கியதை விற்க அந்த முதவல்லி யார்?

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையின் நோக்கம். மேற்கண்ட அத்தனையையும் பார்த்து முடித்தபின், நம் சமுதாயத்து நிலங்களில் எஞ்சி நிற்கும் வில்லங்கம் ஒன்று உண்டு. அது எந்தப் புத்தகத்திலும் இராது. விற்பவரின் தாயும் சகோதரிகளும் கொண்டுள்ள பங்குதான் அது.

ஒருவர் 32 மா நிலத்தை விட்டு மவுத்தாகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவியும் ஒரு மகனும் இரு பெண்மக்களும் இருக்கின்றனர். கடன் தீர்த்து, வஸிய்யத்து இருந்தால் அதையும் நிறைவேற்றியபின், பராயிள் கணக்குப்படி மனைவிக்கு எட்டில் ஒன்றாகிய 4 மா. மிஞ்சிய 28 மாவில் மகனுக்கு 14, பெண்மக்களுக்குத் தலைக்கு 7. இந்தப் பங்குகள் எவரும் எழுதிக் கொடுத்து வருவன அல்ல. தந்தையின் மூச்சு நின்ற கணமே வந்து சேர்கின்றன. ஆனால் பட்டா மகன் பெயருக்கு மாறியிருக்கும். தீர்வை அவர் பெயரில் கட்டப்பட்டிருக்கும். வில்லங்கச் சான்று 16ஆம் எண் படிவத்தில், ஒன்றுமில்லை என்று வரும். 32 மாவுக்கும் பணம் கொடுத்தவர் வாங்கியது, உண்மையில், பிரிபடாத 14 மா மட்டுமே. பட்டா உரிமைக்கு முழுச் சான்றாகாது என்பதை நீதிமன்றங்கள் பன்முறை கூறியுள்ளன. கூட்டுப் பங்குதாரர் ஒருவரின் கைவசம் எல்லாருடைய கைவசமாகவே கருதப்படும். ஆதலால் காலம் கடந்துவிட்டது என்று சகோதரியை எளிதில் தள்ளிவிடவும் இயலாது.

"பொம்பளப் புள்ளைக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்பர். மதரஸாவில் பாகக் கணக்குக் கேட்டு வருவோரிடம் இச்சொல்லைக் கேட்காத மாதம் குறைவு. தந்தை உயிரோடிருக்கையில் வாரிசுரிமை என்று ஒன்று பிறக்கவே இல்லை. பிறக்காததை நகைக்கு ஈடாகத் தீர்ப்பது எங்ஙனம்? நம் நாட்டுச் சட்டத்திலும், எதிர்பார்ப்பு நிலையிலுள்ள வாரிசுரிமையைக் கைமாற்ற இயலாது. "லாத்தா வேணாம்னு சொல்லிட்டாங்க" என்பது இன்னொரு பதில். அண்ணன் தம்பியோடு முகம் முறிந்துவிடுமே, பிறந்தகத்து வாசல் அடைபடுமே என்ற அச்சத்தில் வந்த வேண்டாம் அது. வெட்கத்துக்கு ஆட்படுத்திப் பெற்ற பொருள் பறித்த பொருளுக்கு நிகர் என்பது சட்ட மேதைகளின் கருத்து.

ஊர் வழக்கம் என்று சாதிப்போருக்கும் விடையுண்டு. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் வந்தபோது விவசாய நிலம் அதிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. அவ்விலக்கை நீக்கிச் சென்னை மாகாணம் 1949இல் திருத்தச் சட்டம் இயற்றியது. அன்றுமுதல் இங்கே வீட்டுக்கு எது சட்டமோ அதுவே வயலுக்கும் சட்டம்.

வாரிசுச் சான்று இருக்கிறதே என்று கேட்கலாம். அது பெயர்களைச் சொல்லும், பங்கைச் சொல்லாது. மேலும் அது பொதுவாக மனைவி மக்களையும் பெற்றோரையும் குறித்துத் தரப்படுவது. ஆண்மகவு இல்லாமல் இரு பெண்மக்களை மட்டும் விட்டு ஒருவர் இறந்தால், அவர்களுக்கு மூன்றில் இரண்டு போக, எஞ்சியது இறந்தவரின் சகோதரர் போன்ற உறவினரைச் சேரக்கூடும். அவர்கள் பெயர் சான்றில் இராது.

விதவையின் மஹரும் கேட்டறிய வேண்டியதே. செலுத்தாத மஹர் இறந்தவரின்மீதுள்ள கடன். கணவரின் சொத்து முறையாகத் தம் கைவசம் இருக்குமாயின், மஹர் தீரும்வரை அதை விடாமல் வைத்துக்கொள்ள விதவைக்கு உரிமை உண்டு என்று பிரிவி கவுன்சில் 1916இல் தீர்ப்பளித்தது. யத்தீம் பிள்ளைகளின் பங்கோ இன்னும் கடுமையானது. தந்தை, தந்தையின் தந்தை, அவர்கள் நியமித்தவர் ஆகியோர் நீங்கலாக மற்றெவரும், பெற்ற தாயே ஆனாலும், நீதிமன்றத்தின் நியமனமும் அனுமதியும் இன்றி மைனரின் நிலத்தை விற்றால் அது செல்லாது. இதுவும் பிரிவி கவுன்சில் 1918இல் நிலைநாட்டியது. யத்தீமின் பொருளைப் பற்றித் திருமறை விடுக்கும் எச்சரிக்கையை இங்கே நினைவூட்ட வேண்டியதில்லை.

வாய்மொழி ஹிபாவை மறந்துவிடக் கூடாது. கொடுப்பவர் சொல்லி, பெறுபவர் ஏற்று, நிலம் கைமாறினால் ஹிபா நிறைவேறிவிடும். பின்னர் அதைத் தாளில் எழுதி வைத்தாலும் பதிவு கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவுபடுத்தியது. அத்தா ஒரு வயலைத் தம் மகளுக்கு ஹிபாவாகக் கொடுத்திருந்தால், அதை அறியும் வழி அந்த வயலில் யார் அனுபவம் செய்கிறார் என்று பார்ப்பதும் ஊர்ப் பெரியவர்களைக் கேட்பதுமே.

விற்பவர் கிரயப் பத்திரத்தில், வில்லங்கம் ஏதும் இல்லை, பின்னால் தெரிய வந்தால் என் இதர சொத்துக்களால் ஈடு செய்வேன் என்று எழுதித் தருகிறார் அல்லவா? விற்ற பொருள் மற்றொருவருக்குரியது எனத் தெரியவந்தால் விலையைத் திருப்பித் தருவதற்கு ஏற்கும் இப்பொறுப்பை நம் பிக்ஹு நூல்கள் "ளமானுத் தரக்" என்ற தலைப்பில் விரிவாகப் பேசுகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஈடு செய்யும் நாளில் அவரிடம் இதர சொத்து இருக்க வேண்டுமே!

இவ்வளவும் கேட்டால் விற்பவர் மனம் புண்படாதா, எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா என்று கோபிக்க மாட்டாரா என்பர் சிலர். நம்பிக்கைக்குரியவர் என்று பகைவராலும் அழைக்கப்பட்ட நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் ஒரு யூதரிடம் வாற்கோதுமை கடனாகப் பெற்றபோது தம் கவசத்தை அடைமானமாகக் கொடுத்தார்கள். அவர்கள் வபாத்தாகும்போது முப்பது ஸாவு வாற்கோதுமைக்காக அது அடைமானத்திலேயே இருந்தது. ஈடு கேட்டதை அவர்கள் அவமதிப்பாகக் கொள்ளவில்லை.

ஆகவே அலுவலக வேலைகள் முடிந்ததும் வீட்டுப் பெண்களில் மூத்தவர் ஒருவரை அழைத்துக்கொண்டு விற்பவரின் தாயாரையும் சகோதரிகளையும் அவரவர் இல்லத்தில் சென்று காணுங்கள். பத்திரத்தில் அவர்களும் விற்பவராகக் கையொப்பமிட வேண்டும், அவரவர் பங்கின் கிரயம் அவரவர் கையிலோ கணக்கிலோ சேர வேண்டும் என்று சொல்லுங்கள். மனமுவந்து விட்டுக்கொடுப்பதாக ஒருவர் கூறினால், சகோதரர் அருகில் இல்லாத வேளையில் மீண்டும் ஒரு முறை கேட்டுவிட்டு, விடுதலைப் பத்திரமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் இந்தியத் தூதரகத்தின் முன் அதிகார ஆவணம் எழுதி அனுப்பலாம். அது இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும்.

ஒத்தி நிலத்தின் விளைச்சல் குறித்த மார்க்கத் தீர்ப்பை, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் காண்போம்.